எட்டு மாதம் என்று எழுதியவர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இயக்கத்தின் பயிற்சி முகாமில் எங்கள் எல்லோருக்கும் புதுப் பெயர் வைத்தார்கள். வரிசையில் நிறுத்தி, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, இன்றையிலிருந்து நீ இன்னார், நீ இன்னார் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அது எனக்குப் பிடித்திருந்தது. அவருடைய முறை வந்தபோது, தாளில் இருந்த பெயரைக் கேட்டுவிட்டு, "அது என்ர பேர் இல்லை. ஆனா கூப்பிட்டா வருவன்" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பகிடிக்குச் சொல்லவில்லை என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. ஆகவே அந்தப் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சொந்தப் பெயர் அவருடைய சொத்து. அதை எடுத்து வைக்க நான் யார்?

மன்னார்ப் பக்கத்து ஆள். கத்தோலிக்கர். என்னைவிட மூன்று வயது மூப்பு. மெலிந்து உயர்ந்த தேகம். கதைக்கும்போது மற்றவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். நிலத்தைப் பார்த்தபடி, ஏதாவது ஒரு கல்லைக் காலால் உருட்டியபடி, உள்ளதைச் சொல்லிவிட்டு நிமிர்வார். அவர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டதில்லை. சின்னப் பொய், பெரிய பொய், மரியாதைக்குச் சொல்லும் பொய், எதுவும் இல்லை. இப்படி ஒருவரோடு பழகுவது லேசான காரியம் என்று நினைக்கவேண்டாம். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு, கனடாவில், அஜக்ஸ் நகரில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று என் மனைவி ஆசையாக எல்லா அறையையும் சுற்றிக் காட்டி, "எப்பிடி அண்ணை வீடு?" என்று கேட்டாள். "பேஸ்மென்ற் சுவர் ஈரம் இழுக்குது" என்றார். அவள் ஒரு மாதம் அவரைப் பற்றிய கதை எடுக்க விடவில்லை. இரண்டாவது மாதம் மழை பெய்தது. பேஸ்மென்றில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

நான் அவரைத் தெரிந்துகொண்டது இலங்கையில் போர் தொடங்கிய புதிதில். கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கரையோரம் ஒரு சவுக்குத் தோப்புக்குள் எங்கள் பயிற்சி முகாம். நூறு பேருக்கு மேல் இருந்தோம். மூன்று மாதத்தில் பயிற்சி முடிந்து திரும்பிவிடலாம், ஒரு வருசத்தில் சண்டையே முடிந்துவிடும் என்று ஒவ்வொருவரும் மற்றவருக்குச் சொல்லிக்கொண்டோம். விடிய முதல் விசில் ஊதும். மணலில் ஓட்டம். பிறகு தவழ்தல், உருளுதல், கயிற்றில் ஏறுதல். ஓலைக்கொட்டில்கள் மழைக்கு ஒழுகும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் குளித்துக் குளித்து எல்லோருக்கும் சொறி. பின்னேரமானால் நூறு போராளிகள் மேலில் உடுப்பில்லாமல் வரிசையாகக் குந்தியிருந்து ஒருவர் முதுகை ஒருவர் சொறிவோம்.

துவக்கு போதாது. முழு முகாமுக்கும் உண்மையான துவக்கு ஏழுதான் இருந்தது. மற்றவர்களுக்கு மரத்தில் செதுக்கியது. அதைத் தோளில் அணைத்துக் குறிபார்த்து, சுட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டும். சில பொடியன்கள் வாயால் சத்தமும் போட்டு ஏச்சு வாங்குவார்கள்.

ஒருநாள் முகாமைப் பார்க்க வெளியிலிருந்து சில பெரிய மனிதர்கள் வந்தார்கள். வெள்ளை வேட்டி, இரண்டு கார். முகாமை நடத்திய பொறுப்பாளர் முதல் நாளே எங்களைக் கூட்டி, என்ன கேட்டாலும் நல்லாயிருக்கு என்று சொல்லவேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். வந்தவர்களில் ஒருவர் வரிசை வழியே நடந்து, எத்தனையோ பேரை விட்டுவிட்டு, நேரே இவர் முன்னால் நின்றார்.

"சாப்பாடெல்லாம் எப்படி தம்பி?"

இவர் நிலத்தைப் பார்த்தார். ஒரு கல்லு உருண்டது. 

"மூண்டு மாதமாப் பருப்பு ஐயா. பருப்புக்குள்ள கல்லு. நேற்று ஒருத்தனுக்குப் பல்லு உடைஞ்சிட்டுது."

பல்லு உடைந்தவன் நான்தான். பயத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வந்தவர்கள் போனதும் இவருக்குத் தண்டனை கிடைத்தது. வெய்யிலில் முழங்காலால் மைதானத்தை மூன்று சுற்று. மணலில் தோல் உரிந்து இரத்தம் வந்தது. முடித்துவிட்டு எழும்பி நின்று, "முடிஞ்சுது" என்று அறிவித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு வான் வந்தது. பின்கதவைத் திறந்தால் இரண்டு பெட்டி நிறைய மீன். அன்று முகாமே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கொட்டிலைச் சுற்றியது. "இறக்குங்கோடா, முழங்கால் நோகுது" என்று கத்தினார். அதுவும் உண்மைதான்.

இன்னொரு முறை, பகல் காவலில் நின்ற இவர் மரத்தில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. தானே பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லி ஒரு நாள் பட்டினித் தண்டனை வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது.

"ஏன் அண்ணை சொன்னனீங்கள்? ஆரும் காணேல்லையே."

"நான் நித்திரை கொண்ட நேரம் ஆரும் உள்ளுக்கை வந்திருந்தா? அந்த அரை மணித்தியாலம் காவல் இருக்கேல்லை எண்டு உங்களுக்குத் தெரியவேண்டாமோ?"



இனி ஒரு கடிதத்தின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வீட்டுக்குக் கடிதம் எழுதக்கூடாது என்பது முகாமின் சட்டம். எனக்கு அம்மாவின் நினைப்புத் தாங்கவில்லை. களவாக ஒரு கடிதம் எழுதி, அதை என்ன செய்வது என்று தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். இவர் கண்டுவிட்டார். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போய், முகாமுக்குப் பால் கொண்டுவரும் மனிதரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னார். கடிதம் எப்படியோ பிடிபட்டது. நான் மடையன்தனமாக, சவுக்குத் தோப்பு, பக்கத்தில் உப்பளம், கூப்பிடு தூரத்தில் கடல் என்று இடத்தை விலாவாரியாக எழுதியிருந்தேன்.

மத்தியானம் எல்லோரையும் மைதானத்தில் கூட்டினார்கள். பொறுப்பாளர் கையில் என் கடிதம். என்னை முன்னால் நிறுத்தி, "உளவு சொன்னவனுக்கு இஞ்ச என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே" என்றார்.

தெரியும். இரண்டு கிழமைக்கு முதல் ஒரு பொடியனைப் பின்பக்கக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார்கள். பிறகு நாங்கள் அவனைக் காணவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். "எந்தப் படகில?" என்று இவர் ஒருவர்தான் கேட்டார். 

  அப்போது வரிசையிலிருந்து இவர் வெளியே வந்தார்.

"கடிதத்தைப் பால்காரரிட்டைக் குடுத்தது நான்."

அது ஒருவருக்கும் தெரியாது. பால்காரர் வாய் திறக்கவில்லை. நானும் சொல்லியிருக்கமாட்டேன். இவர் பேசாமல் நின்றிருந்தால் தப்பியிருப்பார்.

"எழுதினது இவன், குடுத்தது நான். பிழை ரெண்டு பேரிலையும். ஆனா உளவு எண்டு சொல்லாதேங்கோ. கடிதத்தைச் சத்தமா வாசியுங்கோ. எல்லாரும் கேக்கட்டும்."

"எனக்குக் கட்டளை போடுறியோ?"

"இல்லை. கேக்கிறன்."

பொறுப்பாளரின் கை இடுப்பிலிருந்த பிஸ்டலுக்குப் போனது. அவரும் இருபத்தைந்து இருபத்தாறு வயதுக்காரர்தான். பிறகு, என்ன நினைத்தாரோ, கடிதத்தை விரித்து நக்கலான குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"அன்புள்ள அம்மாவுக்கு. நான் நல்ல சுகம். உடம்பு முழுக்கச் சொறி. ஒரு பல்லு உடைந்துவிட்டது, ஆனால் பின்பல்லு, வெளியில் தெரியாது. என்னுடைய பச்சைச் சாரத்தைத் தம்பி கட்டக்கூடாது. அது என்னுடையது. வந்து பார்ப்பேன்."

பின்வரிசையில் ஒருவனுக்குச் சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. அது மற்றவனுக்குத் தொற்றி, வரிசை வரிசையாகப் பரவி, கடைசியில் நூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொறுப்பாளரின் உதடும் துடித்தது. சமாளித்துக்கொண்டு தொடர்ந்தார்.

"நான் வருவேன் என்று பின்கதவைத் திறந்து வைக்கவேண்டாம். ஆமி வரும். பூட்டிக்கொண்டு படுங்கோ. நான் வந்தால் தட்டுவேன். என்னுடைய தட்டு உங்களுக்குத் தெரியும்தானே."

சிரிப்பு நின்றுவிட்டது.  எனக்கு முன்னால் நின்ற ஒருவன், வெய்யிலில் கண் கூசியவன் போல முழங்கையால் முகத்தைத் துடைத்தான். பொறுப்பாளர் கடிதத்தை நாலாக மடித்தார். மடித்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு பேரும் ஒரு மாதம் கக்கூசுக் குழி வெட்டுங்கோ. போங்கோ."

அவ்வளவுதான். நான் உயிரோடு இருந்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்பின் கடைசிக்கு நடந்தபோது ஓடவேண்டும் போல, கத்தவேண்டும் போல இருந்தது. முதல் குழியில் இடுப்பளவு இறங்கியபிறகு இவர் கேட்டார்:

"உந்தச் சாரத்தைப் பற்றி ஏனடா எழுதினனீ?"

"அது நல்ல சாரம் அண்ணை."

இரண்டு பேரும் குழிக்குள் இருந்து சிரித்தோம். மண் சரிந்து தலையில் விழ விழச் சிரித்தோம்.

அந்தக் கிழமை முடிவதற்குள் புதுச் சட்டம் வந்தது. மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம், இடத்தை எழுதக்கூடாது, பொறுப்பாளர் வாசித்துவிட்டு அனுப்புவார். முதல் கடித நாளில் இருந்த பேனாக்கள் ஒன்பதுதான். அவற்றுக்காக முகாமே அடிபட்டது. எழுதத் தெரியாத இரண்டு பேருக்கு இவர் எழுதிக் கொடுத்தார். அதில் ஒருவன், தான் இப்போது பெரிய பதவியில் இருப்பதாக எழுதச் சொன்னான். இவர் பேனையை மூடி வைத்துவிட்டார். கடைசியில், "இரவுக் காவலில் பயப்படாமல் நிற்கிறேன்" என்று எழுதுவதற்கு இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

எட்டாவது மாதத்தில் இயக்கங்கள் ஒன்றோடொன்று கொளுவத் தொடங்கின. பக்கத்துத் தோப்பிலிருந்த வேறு முகாமைத் தாக்குவதற்குப் போகவேண்டும் என்று ஒரு காலைச் சாப்பாட்டின்போது சொன்னார்கள். அங்கே இருந்தவர்களும் எங்களைப் போன்ற பொடியன்கள். அவர்களுக்கும் சொறி. இவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பொறுப்பாளரிடம் போனார்.

"நான் ஆரோட சண்டை பிடிக்க வந்தனான் எண்டு எனக்குத் தெரியும். உவங்களோட இல்லை. நான் போறன்."

மற்ற முகாம்களில் ஓடிப்போனவர்கள் எல்லோரும் சொல்லாமல்தான் ஓடினார்கள். நேருக்கு நேர் நின்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.  பொறுப்பாளர் வேறு பக்கம் திரும்பி, "போ" என்றார்.

இவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் காவல் நின்றவனிடம் "வாறன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். முப்பது அடி பின்னால் நான் நடந்தேன். முதுகு முழுவதும் கண்ணாக இருந்தது. துவக்குச் சத்தம் வருமா என்று எதிர்பார்த்து எதிர்பார்த்து, தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். அன்று பின்னேரத்துக்குள் இன்னும் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். அந்தத் தாக்குதல் நடக்கவே இல்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் இரண்டு பேரும் ரொறொன்ரோவில் மறுபடி சந்தித்தோம். ஸ்காபரோவில் அகதி விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம் சேர்ந்தே போனோம். முகாமைப் பற்றி எழுதவேண்டாம், அந்த எட்டு மாதமும் படித்துக்கொண்டிருந்ததாகப் போடுங்கோ என்று அந்த மனிதர் சொன்னார். நான் அப்படியே போட்டேன். சில வருசத்தில் குடியுரிமை கிடைத்தது, மிசிசாகாவில் விமான நிலையத்துப் பொதிப் பகுதியில் நல்ல வேலை கிடைத்தது, கல்யாணம், பிள்ளைகள், அஜக்ஸில் வீடு.

இவர் "எட்டு மாதம் ஆயுதப் பயிற்சி முகாமில் இருந்தேன்" என்று எழுதினார்.

முதல் விசாரணையில், என்ன ஆயுதம் வைத்திருந்தீர் என்று கேட்டார்களாம். மரத் துவக்கு என்றிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் திகைத்து, "மரமோ?" என்று இவரைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். "ஓம். மரம் எண்டே சொல்லுங்கோ." விசாரித்தவர் தன்னைப் பகிடி பண்ணுவதாக நினைத்துவிட்டார். திருப்பி அனுப்பவில்லை; நிரந்தர வதிவிடமும் கொடுக்கவில்லை. வருசத்துக்கு வருசம் வேலை அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு, வெக்ஸ்போர்ட்டில் ஒரு பாண் பேக்கரியில் வேலை செய்தார். மன்னாரில் அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். முகாமை விட்டு வந்தபிறகு ஊரில் கல்யாணம் முடித்துச் சேர்ந்து இருந்தது ஒன்றரை வருசம். இங்கே மனைவியைக் கூப்பிடவும் முடியாது, தான் போகவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஃபோன் எடுப்பார். இப்படி முப்பது வருசம்.

ஒவ்வொரு விசாரணையிலும் உம்மோடு வேறு யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள். "ஆக்கள் இருந்தவை. பேர் சொல்லமாட்டன்." தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது பொய். என்னைச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அவர் மறைத்த பெயர் என்னுடையது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அஜக்ஸ் வீட்டில் புல்லு வெட்டினேன்.

போன வருசத்துக்கு முதல் வருசம் அவருக்குப் புது வழக்கறிஞர் கிடைத்தார். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. அன்று அவருக்குக் கார் ஓட்டிப் போனவன் என்பதால் நானும் அறைக்குள் இருந்தேன்.

"அங்கிள், லிசின். நீங்கள் சொல்லுறதை நான் பிலீவ் பண்ணுறன். பட் பேப்பரில ஒண்டும் இல்லை. கேம்ப்பில உங்களோட இருந்த ஒராள் விற்னஸா வந்தா, இற் சேஞ்சஸ் எவ்ரிதிங். ஆரும் உயிரோட இருக்கினமோ?"

"இருக்கினம். பேர் சொல்லமாட்டன்."

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இருந்தனான்" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்டது. இவர் சட்டென்று, "டேய், உனக்குப் பிள்ளையள் இருக்கு" என்றார். வழக்கறிஞர்ப் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு வரக்கூடிய ஆபத்தை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். படிவத்தில் மறைத்தது பிடிபட்டால் குடியுரிமையையே தோண்டிப் பார்க்கலாம். நான் கேட்டேன். கேட்டுவிட்டு, "எழுதுங்கோ பிள்ளை" என்றேன்.

என் மனைவி இரண்டு நாள் குடியுரிமைப் பத்திரங்களை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவர் அண்டைக்கு முன்னுக்கு வராட்டி நீங்கள் எனக்கு இல்லைத்தானே. போய்ச் சொல்லுங்கோ" என்றாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், "அப்பா, சீரியஸ்லி? நீங்கள் சோல்ஜரா? வட் வாஸ் யுவர் ராங்க்?" என்றாள். கக்கூசுக் குழி வெட்டுறவர் என்றேன். நம்பவில்லை.

விசாரணையில் எனக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்தார்கள். துவக்கு, பருப்பு, முழங்கால், கடிதம், அந்தப் பொடியன் எந்தப் படகில் போனான் என்ற கேள்வி, தார் ரோடு, எல்லாவற்றையும் சொன்னேன். விசாரித்த அம்மா, "இது எதுவும் உங்கள் படிவத்தில் இல்லையே, ஏன்?" என்று கேட்டார்.

"பயம்" என்றேன். "அவருக்கு இல்லாதது."

குடிவரவுத் திணைக்களத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது, விளக்கம் கேட்டு. உள்ளதை எழுதி அனுப்பினேன். பதினொரு மாதம் நித்திரை அரைகுறை. பிறகு மேல் நடவடிக்கை இல்லை என்று இரண்டு வரி வந்தது. அவருடைய வழக்கின் முடிவு அதற்கு முன்னமே வந்துவிட்டது. வழக்கறிஞர்ப் பிள்ளை ஃபோனில் "வீ வொன், அங்கிள்! வீ வொன்!" என்று கத்தியது, பேக்கரி இரைச்சலுக்கு மேலாக எல்லோருக்கும் கேட்டதாம். அங்கே வேலை செய்யும் பெண்கள் மாவுக் கையோடு அவரைக் கட்டிப்பிடித்து, கறுப்புச் சட்டையை வெள்ளையாக்கி அனுப்பினார்கள்.

இந்த வருசம் மே மாதம், ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், அவருடைய மனைவி வந்து இறங்கினார். நானும் மனைவியும் மகளும் அவரோடு விமான நிலையத்தில் நின்றோம். கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் நரைத்த கொண்டையும் கண்ணாடியுமாக, ஒரு பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு சின்ன உருவம் ஒன்று வந்தது. இவரைக் கண்டதும் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

இவர் கிட்டப் போனார். இரண்டு பேரும் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"நான் கிழவியாப் போனன், என்ன?" என்று அந்த அம்மா கேட்டார்.

என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். இல்லை என்று சொல்லுங்கோ அண்ணை என்று என் மனைவி முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"ஓம்" என்றார் அவர். "நல்லாத்தான் கிழவியாப் போயிட்டீர்."

அந்த அம்மா சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். ஒரு வகுப்பை அடக்கும் குரல்காரியின் சிரிப்பு அது. காத்துநின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அப்ப இது நீங்கள்தான்" என்று சொல்லி, வண்டியின் பிடியில் பாதியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டு பேருமாக அதைத் தள்ளிக்கொண்டு, எங்களைத் திரும்பியும் பாராமல், வெய்யிலுக்குள் போனார்கள்.